கஞ்சமலை வரியிரும்புக் கல்

காந்த இரும்பும் குவார்ட்ஸும் கலந்த பாறை
கஞ்சமலை, சேலம் மாவட்டம்
வயது: ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள்

வங்கக் கடற்கரையிலிருந்து 150 கிலோமீட்டருக்கும் அப்பால், நிலக்கடலையும் மரவள்ளியும் விளையும் சமவெளியின் நடுவே எழுந்து நிற்கும் கஞ்சமலையில் கிடைத்த இக்கல், ஆதியில் ஒரு சமுத்திரத்தின் அடியில் படிந்த வண்டல் என்றால் நம்புவது சற்றுக் கடினமே.

அக்காலத்து வாயுமண்டலத்தில் பிராணவாயு அநேகமாக இல்லாதிருந்தமையால், கடலடி வெந்நீர் ஊற்றுகள் கக்கிய இரும்பு துருவாக மாறாமல் நீரிலேயே கரைந்து கிடந்தது. பிறகு, சூரிய ஒளியைக் கொண்டு ஜீவிக்கக் கற்ற நுண்ணுயிர்கள் வெளியிட்ட பிராணவாயு அதனோடு சேர, அது சிலிக்காவுடன் மாறி மாறி அடியில் தங்கிற்று என்பதே அறிஞர் பொதுவாகக் கொள்ளும் விளக்கம். பின்னர் பூகர்ப்பத்தின் உஷ்ணமும் அழுத்தமும் அவ்வண்டலை உருமாற்றி மடக்கின. கரிய வரிகள் மாக்னடைட் என்னும் காந்த இரும்புக் கனிமம். வெளிறியவை, இப்பக்கத்தார் வெங்கச்சங்கல் என்று சொல்லும் குவார்ட்ஸ். சிறு காந்தத்தைக் கரிய வரியின்மேல் வைத்தால் ஒட்டிக்கொள்ளும்.

இவ்வட்டாரத்தார் நெடுங்காலமாகக் கரியுலைகளில் இக்கனிமத்தை உருக்கி இரும்பு எடுத்து வந்தனர். 1830-களில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் கடலோரப் பரங்கிப்பேட்டையில் நடத்திய இரும்பாலைக்கும் சேலத்துக் கனிமமே சென்றது: கடலில் பிறந்த இரும்பு, வேறொரு கடலின் கரைக்கு.