மஞ்சள் விளக்கு எரிந்தால் சென்சார்தான் குற்றவாளியா?
கார்க்காரர்களின் பணத்தைக் கரைக்கும் அவசர முடிவு

சேவுகம்பட்டி,—
சேவுகம்பட்டியில் இருந்து வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானலுக்குச் சவாரி போகும் டிரைவர்களுக்கு, காரில் மஞ்சள் நிற "செக் என்ஜின்" விளக்கு எரிந்தாலே வயிறு கலங்கும்.

வண்டி பெட்ரோலைக் குடிக்கும். நின்ற இடத்தில் துடிக்கும். ஒர்க்ஷாப்பில் ஸ்கேனரை மாட்டினால் "ஆக்சிஜன் சென்சார்" என்று காட்டும். "மாத்திடுவோம்ணே" என்பார் மெக்கானிக். ஆயிரக்கணக்கில் பணம் போகும். நாலு நாளில் மறுபடியும் அதே விளக்கு!

தை மாதத்தில் இங்குள்ள அழகர் பெருமாள் கோவிலில் வாழைப்பழத்தை வாரி இறைப்பது நேர்த்திக்கடன். ஒர்க்ஷாப்பில் பணத்தை இறைப்பது யாருக்கு நேர்த்திக்கடன்?

மோப்பம் பிடிக்கும் சென்சார்

என்ஜினில் இருந்து சைலன்சருக்குப் போகும் குழாயில் திருகி வைத்திருக்கும் சின்ன சாமான் இது. புகையில் மிச்சம் இருக்கும் பிராணவாயுவை மோப்பம் பிடித்து, கம்ப்யூட்டருக்குத் துப்பு கொடுக்கும். அதன்படி பெட்ரோல் கூடும், குறையும். ஜெர்மனியின் போஷ் கம்பெனி தயாரித்து, 1976-ல் வால்வோ கார்களில் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. கார்பரேட்டர் காலத்தில் நம் மெக்கானிக்குகளுக்கு ஸ்குரூ டிரைவரும் காதும்தான் சென்சார்!

விசாரிக்காமல் தண்டனை

ஸ்கேனர் காட்டும் நம்பர் வெறும் புகார்தான். தீர்ப்பு அல்ல.

சூடேறிய சாதாரண சென்சாரில் கரண்ட் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். (சில புது வண்டிகளில் வேறு வகை சென்சார் உண்டு. அதற்கு இந்தக் கணக்கு ஒத்து வராது.) அடியிலேயே கிடந்தால் உடனே கழற்றக் கூடாது. சென்சாருக்கு முன்னால் புகைக்குழாய் கேஸ்கெட்டில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்துவிடும். "பெட்ரோல் பத்தவில்லை" என்று கம்ப்யூட்டர் மேலும் மேலும் ஊற்றும். ஓட்டையை அடைக்காமல் பத்து சென்சார் மாற்றினாலும் கதை அதுதான்.

சென்சாருக்குள் சூடேற்றும் கம்பி ஒன்று உண்டு. பி0135 என்று நம்பர் வந்தால் அந்தக் கம்பியின் லைனில் கோளாறு. முதலில் பியூஸ், பிறகு வயர், கப்ளர். தோப்போரம் நிறுத்தும் வண்டியில் எலி வயரைக் கடித்துவைப்பதும் உண்டு! எல்லாம் சரியாக இருந்து, மல்டிமீட்டரில் கம்பி அறுந்ததாகக் காட்டினால்தான் சென்சார் அவுட்.

சும்மா விட்டாலும் ஆபத்து

"விளக்குதானே, எரியட்டும்" என்று ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். எரியாத பெட்ரோல் புகையோடு போய், புகையைச் சுத்தம் செய்யும் கன்வர்ட்டரைச் சூடேற்றிக் கெடுத்துவிடும். அதன் விலை சென்சாரைப் போலப் பல மடங்கு.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், துரு பிடித்த மரையில் எண்ணெய் விட்டு ஊற வைத்து, குழாய் லேசான சூட்டில் இருக்கும்போது கழற்றுவது நல்லது. இரண்டு சென்சார் இருக்கும் வண்டியில் முன்னதா, கன்வர்ட்டருக்குப் பின்னால் உள்ளதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். புதிய சென்சாரின் முனையில் எண்ணெயோ சிலிக்கான் பசையோ பட்டால் அதுவும் பாழ். பழைய நம்பரை ஸ்கேனரில் அழித்து, வத்தலக்குண்டு வரை ஒரு ரவுண்டு போய் வந்த பிறகு பணத்தை எண்ணிக் கொடுக்கலாம்.