கூரை விளக்கை மாற்றுதல்

பாபநாசத்தில் தாமிரபரணியின் நீரைக்கொண்டு 1944-ஆம் ஆண்டில் மின்னுற்பத்தி தொடங்கிற்று. மேற்கு மலையடிவாரத்து மகாராஜபுரம் முதலிய தென்னாட்டுச் சிற்றூர்கட்கு மின்னொளி படிப்படியாகவே வந்து சேர்ந்தது. இவ்வூர்ப்பக்கத்துத் தேக்கு உத்திர வீடுகள் சிலவற்றில், மரச்சட்டத்தின்மேல் ஓட்டிய பழைய ரப்பர் உறைக் கம்பிகளே இன்னும் இருத்தல் கூடும். அத்தகைய வீட்டில் பழுதுற்ற கூரை விளக்கின் ஹோல்டரைக் கழற்றி வேறொன்று பொருத்துவது எங்ஙனம் என்பதே ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள். விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணாக்கரை நோக்கி, "சயன்ஸ் படிக்கிறாயே, இதைச் சற்றுப் பார் தம்பி" என்று வீட்டுப் பெரியோர் சொல்லாதிரார்.

சட்டம் இதற்கு இடங்கொடுத்தே யிருக்கிறது. 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளுள் 45-ஆம் விதி, மின்னமைப்பு வேலைகளை லைசென்சு பெற்ற ஒப்பந்தக்காரரே செய்தல் வேண்டுமென்று கூறி, விளக்கு, விசிறி, பியூஸ், ஸ்விட்சு முதலியவற்றை அமைப்பின் அளவும் தன்மையும் மாறாதபடி மாற்றுவதற்கு மட்டும் விலக்களித்தது. புதுக் கம்பி இழுப்பது நம் வேலையன்று.

"ஸ்விட்சை அணைத்தாயிற்று, இனி யென்ன அச்சம்?" என்பாருண்டு. இவ்வெண்ணமே பேரபாயமானது. வீட்டிற்குள் வரும் கம்பிகளில் ஒன்று பேஸ், மற்றொன்று நியூட்ரல். நியூட்ரல் கம்பி டிரான்ஸ்பார்மரினிடத்தே பூமியோடு இணைக்கப்பட்டிருக்கிறது. ஆதலால், பேஸ் கம்பியைத் தொட்டுக்கொண்டு தரையில் நிற்பவனுடைய உடலே மின்னோட்டத்திற்கு வழியாகிவிடும். ஸ்விட்சு பேஸ் கம்பியைத் துண்டிக்குமாறு அமைதலே முறை. எவரேனும் அதனை நியூட்ரலில் அமைத்திருப்பாராயின் விளக்கு அணையும். ஹோல்டரிலோ 230 வோல்ட்டு அழுத்தம் அப்படியே நிற்கும்.

எவ்வளவு மின்சாரம் உயிரைப் போக்கும்? 0.05 ஆம்பியர் சில விநாடிகள் மார்பின் வழியே பாய்ந்தாலும் இருதயத் துடிப்புக் குலைந்து மரணம் நேரலாம். இது சிறியதோர் எல்.இ.டி. பல்பு கொள்ளுமளவே. ஈரக்கையுடையான் ஒருவனது உடலின் தடை 1,000 ஓம் எனக் கொண்டால், அவனூடே 0.23 ஆம்பியர் ஓடும். 5 ஆம்பியர் பியூஸ் இதனால் உருகாது. அது கம்பியைக் காக்க வந்ததேயன்றி மனிதனைக் காக்க வந்ததன்று. 0.03 ஆம்பியர் கசிந்த மாத்திரத்தே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் கருவி இதற்கெனவே உளது. ஆனால் இரு கைகளாலும் இரு கம்பிகளைப் பற்றினானை அதுவும் காவாது. கசிவு பூமிக்குச் செல்லாமையின் கருவி அதனை அறியமாட்டாது.

ஆகவே முதற்கண் மெயின் ஸ்விட்சை அணைத்தல் வேண்டும். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் இதனோடு நில்லற்க: மெயினை அணைத்த மறுகணமே இன்வெர்ட்டர் அதே கம்பிகட்கு மின்சாரம் ஊட்டத் தொடங்கும். அதன் வெளியீட்டையும் நிறுத்துக. முன்னதாக, மின்சாரம் உள்ள பிளக்கில் டெஸ்டரை வைத்து அதன் விளக்கு எரிவதை உறுதிசெய்துகொள்க. பின்பு, உலர்ந்த மர ஏணியிலோ மூங்கிலேணியிலோ ஏறிக் கூரைக் கம்பிகள் ஒவ்வொன்றிலும் வைத்துப் பார்க்க. கெட்டுப்போன டெஸ்டரும் எரியாது அல்லவா? பகல் வெளிச்சத்தில் அதன் மங்கலொளி கண்ணுக்குப் புலப்படாதிருத்தலும் உண்டு.

கழற்றுமுன் எக்கம்பி எந்தத் திருகில் இருந்தது என்று குறித்துக்கொள்க. சிவப்பு, மஞ்சள், நீலம் பேசுக்கும், கறுப்பு நியூட்ரலுக்கும், பச்சை எர்த்துக்கும் உரியன என்பது வழக்கு. பழைய கம்பிகள் நிறத்தால் வேறுபடாமையின் நிறத்தை நம்பலாகாது. ஒரே திருகில் இரண்டு கம்பிகள் இருப்பின் அவை வேறொரு விளக்கிற்குச் செல்வனவாகலாம். அவற்றைப் பிரிக்காமல் ஒருங்கே புதிய திருகில் மாட்டுக. ரப்பர் உறை தொட்டவுடன் உதிர்ந்தால் அவ்வளவில் நிறுத்திவிடுதலே நன்று.

உறையைச் சிறிதளவே சீவி, இழைகளை முறுக்கி, ஓரிழையும் வெளியே நில்லாதவாறு திருகை இறுக்குக. உலோக உடலுள்ள விளக்காயின் எர்த் கம்பியை அவ்வுடலோடு இணைத்தல் இன்றியமையாதது. விளக்கின் பாரத்தைக் கொக்கியே தாங்குதல் வேண்டும், கம்பிகள் தாங்கலாகாது. திருகு வகை ஹோல்டரில் பேஸ் கம்பி நடுத்தொடுப்பிற்குச் செல்வது முறை; இரு முளைகளையுடைய பல்பின் ஹோல்டருக்கு இவ்வேறுபாடில்லை.

மெயினைப் போட்டு விளக்கை எரித்த பின்னர், ஸ்விட்சை அணைத்து இருளில் ஒருமுறை அண்ணாந்து பார்க்க. எல்.இ.டி. பல்பு மினுக்கிக்கொண்டே யிருப்பின், ஸ்விட்சு நியூட்ரலில் அமைந்திருத்தல் அதற்கொரு காரணமாகலாம். அவ்வமைப்பைச் சரிசெய்வது லைசென்சு பெற்ற வயர்மேனுக்குரிய வேலை.