கண்ணாடித் தொட்டிக்குள் தாமிரபரணி

தூத்துக்குடியில் குழாயைத் திறந்தால் கொட்டுவது எந்தத் தண்ணீர், தெரியுமா? பொதிகை மலையில் பிறந்து, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கும் தாமிரபரணியின் தண்ணீர்தான்! வல்லநாட்டில் இறைக்கப்பட்டு நகருக்கு வருகிறது. அந்த ஆற்றுக் கெளுத்தியை வீட்டில் வளர்க்க ஆசைப்படும் மாணவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. மீதிப் பாதியில்தான் பலரும் மீனைச் சாகவிடுகிறார்கள்.

உடலில் நீளவாக்கில் கோடுகள் ஓடும் சிறு கெளுத்தியைப் பார்த்திருப்பீர்கள். அதற்குச் செதில் கிடையாது. வாயைச் சுற்றி நான்கு ஜோடி மீசைகள். நம் நாக்கில் இருப்பவை போன்ற சுவை மொட்டுகள் அந்த மீசைகளில் நிறைந்துள்ளன. கலங்கல் நீரிலும் இருட்டிலும் தரையைத் தடவியே இரையைக் கண்டுபிடித்துவிடும். பகலில் வேர் இடுக்குகளில் பதுங்கிக் கிடக்கும். ஆகவே தொட்டியில் பளிச்சென்ற விளக்கு வேண்டாம். கூரான சரளைக் கற்கள் மீசையைச் சிராய்க்கும். நன்கு அலசிய ஆற்று மணலே ஏற்றது. உடைந்த மண்பானை ஒன்றைக் கவிழ்த்து வைத்தால் பதுங்க இடம் கிடைத்துவிடும். தெருவில் உதிரும் நாட்டு வாதுமைச் சருகு இரண்டைப் போடுங்கள். நீர் இலேசான தேநீர் நிறம் பெற்று, வெளிச்சம் மட்டுப்படும்.

முத்துக்குளித்துறையில் பிறந்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை! கடற்கரை மணலும் சிப்பியும் இத்தொட்டிக்கு ஆகா. சிப்பி என்பது கால்சியம் கார்பனேட். அது மெல்லக் கரைந்து நீரைக் கடினமாக்கும். சந்தேகமாக இருந்தால், ஆசிரியர் முன்னிலையில் மணல்மீது நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு துளி விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அதில் சிப்பித்தூள் இருக்கிறது. பவளத் துண்டையோ சட்டப்படி எடுக்கவே கூடாது.

குழாய் நீரில் குளோரின் உண்டு. அகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வையுங்கள்; பெரும்பகுதி ஆவியாகிவிடும்.

இனிதான் முக்கியமான சங்கதி. மீன் தன் செவுள் வழியே அம்மோனியாவை வெளியேற்றுகிறது. ஆற்றில் ஓட்டம் அதை அடித்துச் சென்றுவிடும். தொட்டியிலோ அது தேங்கி நஞ்சாகும். இங்கே ஆற்றின் வேலையைச் செய்பவை மணலில் குடியேறும் பாக்டீரியாக்கள். ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும், அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அதைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக்கும். இவை பெருகச் சில வாரங்கள் பிடிக்கும். நன்றாக நடக்கும் பழைய தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி மணல் கிடைத்தால் வேலை சுருங்கும். முதலில் ஒரே ஒரு மீனை விடுங்கள். இரையையும் குறைத்தே போடுங்கள். காற்றுப் பம்பு இரவும் பகலும் ஓடட்டும். வாரம் ஒருமுறை நான்கில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள். அதுதான் உங்கள் தொட்டியின் ஆற்றோட்டம்!

மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரையடி உயரமுள்ள தொட்டி ஏறத்தாழ 125 லிட்டர் கொள்ளும். பழகிய பிறகு நான்கைந்து கெளுத்திகளுக்கு அது போதும். மீனை மாற்றும்போது வலை வேண்டாம். துடுப்பு முள் சிக்கிக்கொள்ளும், கையையும் குத்தும். குவளையால் மொண்டெடுங்கள்.

கடையில் 'டேங்க் கிளீனர்' என்று விற்கும் மீனும் கெளுத்தி இனமே; ஆனால் தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. அலுத்துப்போனதும் அதைக் கோரம்பள்ளம் குளத்தில் விட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள். இந்திய நீர்நிலைகள் சிலவற்றில் அது பெருகி, மீனவர் வலைகளைக் கிழிக்கிறது.

எல்லாம் சரியாக இருக்கிறதா என்று அறிய, இரவு விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். ஓர் இறால் துண்டைத் தொட்டியின் மறுமூலையில் போடுங்கள். பானைக்குள்ளிருந்து முதலில் மீசைகள்தான் வெளியே வரும்.