ஜவுளிக் கடையிலிருந்து நாடாளுமன்றம் வரை

நரிக்குடி வியாபாரிகளான நமக்கு விருதுநகர் என்றால் பருப்பும் வற்றலும் எண்ணெயும் கொள்முதல் செய்யும் ஊர். அந்த ஊரில், படிப்பைப் பாதியில் விட்டு, தாய்மாமன் ஜவுளிக் கடையில் வேலை பார்த்தவர்தான் பெருந்தலைவர் காமராஜர்.

1937-இல் சாத்தூரில் வென்று சென்னை சட்டசபைக்குச் சென்றார். 1946-இல் நம் பக்கத்துச் சாத்தூர்-அருப்புக்கோட்டைத் தொகுதி. 1952-இல் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நாடாளுமன்றம். 1954-இல் முதலமைச்சரானதும் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று வென்றார். 1957-இலும் 1962-இலும் மறுபடி சாத்தூர்.

அப்படிப்பட்டவரை 1967-இல் சொந்த ஊரான விருதுநகரே 1,285 வாக்குகளில் தோற்கடித்தது. அவர் ஒதுங்கிவிடவில்லை. 1969-இல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் வென்று நாடாளுமன்றம் சென்றார். 1971-இலும் அங்கேயே வென்று, 1975 அக்டோபர் 2-இல் மறையும்வரை உறுப்பினராக இருந்தார்.

மழை பொய்த்துக் கண்மாய் வறண்ட ஓர் ஆண்டு, கடனுக்குக் கொடுத்த சரக்குக்குப் பணம் வராமல், கடையைப் பூட்டிவிடலாமா என்று நாமும் நினைத்ததுண்டு. அப்போது நம்மைத் தேற்றியது இந்த 1,285 தான். பழைய வாடிக்கை அடுத்த கடைக்குப் போய்விட்டால் அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. தராசைச் சரிபார்த்து, மறுநாள் காலையில் கடையைத் திறப்போம். வியாபாரிக்கு அதுவே அழகு.