நடைபாதை ஏரிக்கு உள்ளேயா, வெளியேயா?

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஐ ஒட்டித் தொடங்கிவிடும். நவம்பர் 1 உள்ளாட்சி நாளன்று கிராம சபைகள் கூடும். இந்த இரண்டு தேதிகளும் நெருங்குகிற நேரத்தில் தாம்பரம், பல்லாவரம், பெரும்பாக்கம் பகுதி வாசகர்களின் கடிதங்களில் ஒரே குழப்பம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. எங்கள் ஏரியில் பூங்கா வருகிறது என்கிறார்கள், அதை ஆதரிப்பதா எதிர்ப்பதா? நடைபாதையும் விளக்கும் கேட்டு மனு கொடுப்பவர்களும், அவற்றை நிறுத்தச் சொல்லி மனு கொடுப்பவர்களும் ஒரே தெருக்காரர்கள். இரு தரப்புமே ஏரி பிழைக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறார்கள்.

புறநகர்வாசிக்குக் காலையில் காற்று வாங்க ஓர் இடம் வேண்டும். குழந்தைகள் ஓட வேண்டும், முதியவர்கள் உட்கார வேண்டும். ஆட்கள் நடமாடும் கரையில் கழிவுநீர் லாரியை நிறுத்திக் கொட்டிவிட்டுப் போவது எளிதல்ல என்பதால் ஏரிக்கும் அதனால் லாபம் உண்டு. ஆகவே பூங்கா வேண்டுமா, வேண்டாமா என்பதைவிட, அது எந்தக் கோட்டில் நிற்கிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

ஏரி மேம்பாடு என்றால் என்னென்ன வேலை?

அறிவிப்புகளில் நீர்நிலைப் பாதுகாப்பு முதலில் வரும். களத்தில் முதலில் கண்ணில் படுவது பேவர் பிளாக் நடைபாதை, கம்பி வேலி, விளக்குக் கம்பம், ஓப்பன் ஜிம், நுழைவாயில் வளைவு. தூர்வாருவதும் கரையைப் பலப்படுத்துவதும் பட்டியலில் உண்டு. வரத்துக் கால்வாயை மீட்பதும் கழிவுநீர் இணைப்புகளை அடைப்பதும் பெரும்பாலும் அடுத்த கட்டத்துக்குத் தள்ளிப்போகும். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சிஎம்டிஏ) 2023இல் பெரும்பாக்கம், ரெட்டேரி, முடிச்சூர், மாடம்பாக்கம் உள்ளிட்ட பத்து ஏரிக்கரைகளை 100 கோடி ரூபாயில் மேம்படுத்தப்போவதாக அறிவித்தது. அப்போதே கேட்டிருக்க வேண்டிய கேள்வி, கரை என்று அவர்கள் எதைச் சொல்கிறார்கள் என்பது.

கலங்கல் உயரம் ஏன் இவ்வளவு முக்கியம்?

நம் ஏரிகள் கிணறு மாதிரி செங்குத்தாகத் தோண்டப்பட்டவை அல்ல. சாய்த்து வைத்த தாம்பாளத்தைப் போன்றவை. தாழ்வான பக்கத்தில் வளைந்த கரை. எதிர்ப்பக்கத்தில் கரையே கிடையாது. நிலம் மெல்ல மேடேறும், தண்ணீரும் அதன்மேல் மெல்லப் பரவும். அது எதுவரை பரவலாம் என்பதைத் தீர்மானிப்பது, உபரி நீர் வழிந்தோட அமைத்த கலங்கல். நீர்மட்டம் கலங்கலைத் தொடும்போது தண்ணீர் நிற்கிற எல்லைதான் ஏரியின் உண்மையான எல்லை. கோடையில் கண்ணுக்குத் தெரிகிற தண்ணீர் விளிம்பு அதற்கு வெகுதூரம் உள்ளே இருக்கும்.

என்னைக் கவலைப்பட வைக்கும் வேலை இங்கேதான் நடக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் ஏரி பாதி வற்றிக் கிடக்கும்போது இயந்திரங்கள் இறங்குகின்றன. நடுவில் தோண்டிய மண்ணை வெளியே கொண்டுபோக லாரி வாடகை ஆகும். அதையே மேடேறும் பக்கத்தில் கொட்டிச் சமன்செய்தால் செலவும் மிச்சம், நடைபாதைக்கும் இடம் தயார். நவம்பரில் ஏரி நிரம்பியதும் அந்த நடைபாதையில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். விளக்குக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டியிருக்கும். பூங்கா மூழ்கிவிட்டது என்று புகார் போகும். உடனே ஷட்டரைத் திறப்பார்கள், ஷட்டர் இல்லாத இடத்தில் கலங்கலை ஓரடி உடைத்துவிடுவார்கள். தற்காலிகம் என்று சொல்லித்தான் உடைப்பார்கள். பிறகு அதை மறுபடி உயர்த்தப் போனால் பூங்கா மூழ்கும் என்ற அதே காரணம் தடுக்கும். அடுத்த திட்ட வரைபடத்தில் புதிய, சிறிய விளிம்பே ஏரியின் எல்லையாக இடம்பிடித்துவிடும். ஏரி சுருங்கிவிட்டது, ஆனால் ஆக்கிரமித்தவர் என்று ஒருவரைக்கூடச் சுட்டிக்காட்ட முடியாது. வீடு கட்டியவருக்கு நோட்டீஸ் ஒட்டலாம், நடைபாதைக்கு யார் ஒட்டுவது?

ஓரடிதானே என்று விட்டுவிடக் கூடாது. தாம்பாளத்தில் மேல்விளிம்புதான் அகலம். நிரம்பியிருக்கும்போது நூறு ஏக்கர் பரப்புள்ள ஏரியில் மேல் ஓரடித் தண்ணீர் என்பது ஏறத்தாழ 12 கோடி லிட்டர். அடியில் உள்ள ஓரடி அதில் ஒரு சிறு பங்குதான் தேறும்.

ஆழப்படுத்தியதால் அது ஈடாகிவிடாதா?

கொள்ளளவு கூடிவிட்டது என்று அதிகாரிகள் சொல்லும் கணக்கு காகிதத்தில் சரிதான். ஆனால் புறநகர் ஏரிகள் பலவற்றில் ஆண்டு முழுவதும் கழிவுநீர் இறங்குகிறது. நடுவில் தோண்டிய பள்ளம் செப்டம்பருக்குள் அதனாலேயே நிறைந்துவிடும். மழைநீருக்கு மிஞ்சுவது அன்றைய மட்டத்துக்கும் கலங்கலுக்கும் இடையில் உள்ள இடைவெளி மட்டுமே. கலங்கலைத் தாழ்த்தும்போது குறைவதும் அந்த இடைவெளிதான்.

அப்படிக் கொள்ளாத தண்ணீர் அடுத்த ஏரிக்குப் போகும். சிட்லபாக்கத்தில் வழிவது செம்பாக்கத்துக்கும், அங்கே வழிவது நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கும் சேரும். ஒரு ஏரி முன்கூட்டியே வழிந்தால் கீழே உள்ள ஊர்கள் முன்கூட்டியே நனையும். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. இந்தப் பகுதியின் ஏரிகள் அப்படியொரு நாளையும் சமாளிக்க வேண்டியவை.

பறவைகளுக்கும் பாதிப்பு உண்டு. உள்ளான், கொக்கு, நாரை எல்லாம் கணுக்கால் அளவுத் தண்ணீரில் நின்று இரை தேடுபவை. ஓரத்தைச் செங்குத்தாக்கிக் கல் பதித்துவிட்டால் முங்கி மீன் பிடிக்கும் நீர்க்காகம்தான் மிஞ்சும். பறவை பார்க்க என்று கட்டும் கோபுரத்திலிருந்து பார்க்கப் பறவை இருக்காது.

சட்டம் காப்பாற்றாதா?

2017ஆம் ஆண்டின் சதுப்பு நிலப் பாதுகாப்பு விதிகள் நிரந்தரக் கட்டுமானத்துக்குத் தடை விதிக்கின்றன. ஆனால் பாசனம், குடிநீர், பொழுதுபோக்கு ஆகியவற்றுக்காக மனிதர்கள் உருவாக்கிய நீர்நிலைகளை அந்த விதிகளின் வரையறையே விலக்கிவிடுகிறது. நம் ஏரிகள் எல்லாம் பாசனத்துக்காக வெட்டப்பட்டவை. பள்ளிக்கரணை 2022இல் சர்வதேச முக்கியத்துவமுள்ள சதுப்பு நிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்ததால் விதிகளின் பாதுகாப்பு அதற்கு உண்டு. அதற்குத் தண்ணீர் அனுப்பும் ஏரிகளுக்கு இல்லை. மாநிலத்தின் 2007ஆம் ஆண்டுச் சட்டம் ஏரிகளை அளந்து எல்லை குறித்து ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்கிறது. அரசுத் துறையே ஏரிக்குள் நடைபாதை போடும்போது அதைத் தட்டிக்கேட்க வேண்டியவர்கள் மக்கள்தான்.

நவம்பர் 1க்குள் என்ன செய்யலாம்?

ஒவ்வோர் ஏரிக்கும் கலங்கல் மட்டம், கரை மட்டம், நீர்ப்பரப்பு, கொள்ளளவு பதிவான குறிப்பேடு உண்டு. பெரிய ஏரிகளுக்கு நீர்வளத் துறையிடமும், சிறியவற்றுக்கு ஊராட்சி ஒன்றியத்திடமும் அதன் நகலைக் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்ட மனுவுக்குக் கட்டணம் பத்து ரூபாய். பிறகு கிராம சபையில் மூன்று தீர்மானங்களை முன்மொழியுங்கள். நிரம்பிய ஏரியின் எல்லையில் கல் நட வேண்டும். நடைபாதை அந்தக் கல்லுக்கு வெளியேயோ பழைய கரையின் மேலேயோ மட்டுமே அமைய வேண்டும். கலங்கலைத் தாழ்த்துவதானால் கிராம சபையைக் கேட்காமல் செய்யக் கூடாது. மாநகராட்சிப் பகுதியில் இருப்பவர்கள் பகுதி சபை கூடும் தேதியை வார்டு கவுன்சிலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மற்ற கேள்விகள்

படகு விடலாமா? கழிவுநீர் நின்ற பிறகு, துடுப்புப் படகு மட்டும்.

தூண்டில் போடலாமா? மீன்பிடிக் குத்தகை யாரிடம் இருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போடுங்கள்.

குழந்தைகள் நீந்தலாமா? கூடாது, தூர்வாரிய ஏரியில் பள்ளம் எங்கே என்று மேலிருந்து தெரியாது.

இரவு விளக்கு வேண்டுமா? கரையின் வெளிப்பக்கம் போதும், தண்ணீர் மேல் வெளிச்சம் விழக் கூடாது.

ஆகாயத்தாமரையை அகற்றினால் போதாதா? கழிவுநீர் வந்துகொண்டிருக்கும்வரை அது திரும்ப வளரும்.

எங்கள் ஏரியில் நடைபாதை ஏற்கனவே உள்ளே போட்டாயிற்றே? மழையில் அது மூழ்கினால் மூழ்கட்டும், சில வாரம் தெருவில் நடந்துகொள்ளலாம், தண்ணீரைத் திறந்துவிடச் சொல்லி மட்டும் புகார் கொடுக்காதீர்கள்.