தைப்பூச மேளமும் சட்டமும்: சமயச் சுதந்திரத்துக்கு எல்லை எங்கே?

தைப்பூசத்தன்று காவடிக்குப் பின்னால் உருமி மேளம் கேட்டிருப்பீங்க. அந்த மேளத்துக்காகச் சிலர் உயர் நீதிமன்றம் வரை போனது தெரியுமா?

சட்டம் என்ன சொல்கிறது?

சிங்கப்பூர் அரசமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, ஒவ்வொருவரும் தம் சமயத்தைப் பின்பற்றலாம், பரப்பலாம் என்கிறது. ஆனால் அதிலேயே ஒரு நிபந்தனை உண்டு. பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம், ஒழுக்கநெறி தொடர்பான பொதுச் சட்டங்களை மீறக்கூடாது.

மேளம் ஏன் நின்றது?

1964இல் நபிகள் நாயகம் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது இனக்கலவரம் வெடித்தது. அதன்பின் சமய ஊர்வலங்களுக்குக் கடும் கட்டுப்பாடு வந்தது. தைப்பூசம், பங்குனி உத்திரம், தீமிதி ஆகிய மூன்றுக்கும் விலக்கு கிடைத்தது. ஆனால் போட்டிக் குழுக்களுக்கு இடையே சண்டை வந்ததால், 1973இல் தைப்பூச ஊர்வலப் பாதையில் இசைக்கருவிகளுக்குத் தடை விதிக்கப்பட்டது.

2015இல் இந்துக்கள் மூவர் அந்தத் தடையை எதிர்த்தார்கள். இசை வழிபாட்டின் ஒரு பகுதி என்பது அவர்கள் வாதம். உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

தேவாலயங்களுக்கும் இதே விதியா?

ஆமாம். யெகோவாவின் சாட்சிகள் சபையினர் தேசியச் சேவை செய்ய மறுப்பவர்கள். 1972இல் அந்தச் சபையின் பதிவை அரசாங்கம் ரத்து செய்தது; அதன் பிரசுரங்களையும் தடை செய்தது. உறுப்பினர்கள் 15ஆம் பிரிவைக் காட்டி வாதாடினார்கள். 1994இல் உயர் நீதிமன்றம் தடை செல்லும் என்றது. நாட்டின் பாதுகாப்பும் ஒழுங்கும் முதலில், நம்பிக்கை அடுத்து என்பதே தீர்ப்பின் சாரம்.

அப்படின்னா வழக்குப் போட்டு என்ன பயன்?

வழக்கில் தோற்றாலும் கேள்வி அடங்கவில்லை. இந்து அறக்கட்டளை வாரியம் அதிகாரிகளுடன் பேசியது. 2016 தைப்பூசத்தில், சிராங்கூன் ரோட்டிலிருந்து டேங்க் ரோடு போகும் வழியில் மூன்று இடங்களில் மேளம் ஒலித்தது. பிறகு விதிகள் மேலும் தளர்ந்தன.

இதில் ஒரு சிக்கலும் இருக்கு. பேச்சுவார்த்தையில் கிடைப்பது அனுமதி. நிலைமை மாறினால் அதைத் திரும்பப் பெறலாம். நீதிமன்றம் உறுதிசெய்யும் உரிமை அப்படி எளிதில் போகாது. சேர்ந்து பேச ஓர் அமைப்பு உள்ள சமூகத்துக்கு முதல் வழி எளிது. யெகோவாவின் சாட்சிகளைப் போன்ற சிறு குழுவுக்கு?

அடுத்த தைப்பூசத்தில் மேளம் கேட்கும்போது, உங்கள் நண்பர்களிடம் இதைக் கேட்டுப் பாருங்க: அது அனுமதியா, உரிமையா?