நீதிமன்ற ஆவணம்: கேட்கத் தெரிந்தவருக்கு மட்டுமா?

சில ஆண்டுகளுக்கு முன், தாத்தா காலத்துப் பாகப்பிரிவினை வழக்கின் தீர்ப்பு நகலைத் தேடி ஒரு மாவட்ட நீதிமன்ற வளாகத்துக்குச் சென்றேன். பட்டா மாற்றத்துக்கு அது தேவைப்பட்டது. வாசலில் நின்ற ஒருவர் ஒரு பெருந்தொகையைச் சொல்லி, “நான் எடுத்துத் தருகிறேன்” என்றார். தயங்கியபடி உள்ளே சென்று நகல் பிரிவில் விசாரித்தேன். வழக்கு எண்ணும் ஆண்டும் இருந்தால் யார் துணையும் இன்றி நானே மனு செய்யலாம் என்றார்கள். வீட்டின் பழைய டிரங்குப் பெட்டியில் கிடந்த ஒரு சம்மனில் அந்த எண் இருந்தது.

நீதிமன்ற ஆவணங்கள் ரகசியம் அல்ல. தீர்ப்பு ஒரு பொது ஆவணம். முன்பு 1872-ம் ஆண்டின் சாட்சியச் சட்டமும், 2024 ஜூலை முதல் பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 75-வது பிரிவும், பார்வையிடும் உரிமை உள்ளவருக்குக் கட்டணம் பெற்றுக்கொண்டு சான்றிட்ட நகல் தர வேண்டும் என்கின்றன.

முதலில், வழக்கு எங்கு நடந்தது என்று அறிய வேண்டும். சொத்து, கடன் போன்ற உரிமையியல் வழக்குகள் மாவட்ட உரிமையியல் நீதிமன்றம், சார்பு நீதிமன்றம், மாவட்ட நீதிமன்றம் என்று மதிப்புக்கு ஏற்பப் பிரியும். குற்ற வழக்குகள் நீதித்துறை நடுவரிடமோ அமர்வு நீதிமன்றத்திலோ நடக்கும். அண்மைக்கால வழக்கென்றால் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் தரப்பினர் பெயரைக் கொண்டே தேடலாம், கட்டணம் இல்லை. ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்கத் தனி அடையாளக் குறியீடு உண்டு. அதைக் குறித்துவைத்துக்கொண்டால் அடுத்த வாய்தா முதல் உத்தரவு வரை பார்க்கலாம். ஆனால், அலுவலகங்களிலும் மேல்முறையீட்டிலும் பொதுவாகக் கேட்கப்படுவது சான்றிட்ட நகல்தான்.

மேல்முறையீடு செய்ய நினைப்பவர் காலம் தாழ்த்தக் கூடாது. உரிமையியல் தீர்ப்பை எதிர்த்து மாவட்ட நீதிமன்றம் செல்ல 30 நாட்களே அவகாசம். நகல் பெற ஆகும் காலத்தைக் காலவரையறைச் சட்டத்தின் 12-வது பிரிவு கழித்துத் தருகிறது. மனுச் செய்யாமல் வீணாக்கிய நாட்களுக்கு அந்தச் சலுகை இல்லை. குற்ற வழக்கில் சிறைத்தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பு நகலை உடனடியாக, இலவசமாகத் தர வேண்டும்.

வழக்கில் தொடர்பில்லாதவர் நகல் கேட்டால்? குஜராத் உயர் நீதிமன்றம் தொடர்பான வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம், தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாக அன்றி, நீதிமன்ற விதிகளின்படி காரணம் கூறும் பிரமாணப் பத்திரத்துடன் மனுச் செய்ய வேண்டும் என்றது. பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டோர், குழந்தைகள் ஆகியோரின் அடையாளம் காக்கப்பட வேண்டும் என்பதில் இரு கருத்து இல்லை. ஆனால், திறந்த மன்றத்தில் எவரும் கேட்கக்கூடிய தீர்ப்பைத் தாளில் கேட்கும்போது மட்டும் ‘ஏன்?’ என்பது எனக்கு முரணாகவே படுகிறது.

எனக்குத் தீர்ப்பு நகல் கிடைத்தது. சாட்சிகளின் வாக்குமூலங்கள் கிடைக்கவில்லை. குறித்த காலம் முடிந்த பதிவுகளை விதிப்படி அழித்துவிடுவார்களாம். ஆகவே, வழக்கு முடிந்ததும் நகல்களை வாங்கிவிடுங்கள். தாக்கல் செய்த மூல ஆவணங்களையும் திரும்பப் பெறுங்கள்.

நீதிமன்றங்களிடம் என் வேண்டுகோள் எளியது. எந்த மனு, என்ன கட்டணம், எத்தனை நாள் என்பதைத் தமிழில் எழுதி வாசலில் வையுங்கள். அந்தப் பலகை இல்லாத இடத்தில்தான் இடைத்தரகர் நிற்கிறார்.